சண்டை மனிதனின் ரத்தத்திலேயே இருக்கிறதா? பரிணாம அறிவியல் சொல்வது என்ன?

"கோபம் வந்தா கை நீளத்தாங்க செய்யும். மனுஷ இயல்பு அது." டிராஃபிக் சிக்னல் தகராறு முதல் குடும்பச் சண்டை வரை, சமாதானம் பேச வருபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இப்போது அதோடு கொஞ்சம் அறிவியலும் சேர்ந்துகொண்டது. "குரங்குல இருந்து வந்தவங்கதானே நாம", "எல்லாம் ஜீன்ல இருக்கு", "டெஸ்டோஸ்டிரோன் செய்ற வேலை" என்கிறார்கள்.

இதில் எவ்வளவு உண்மை? மனித வன்முறைக்குப் பரிணாம வேர் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேர் எப்படிப்பட்டது என்று தோண்டிப் பார்த்தால், "என்னால கட்டுப்படுத்த முடியல" என்ற சாக்குக்கு அது கைகொடுக்கவில்லை. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோம்பே காட்டில் நடந்தது என்ன?

1974 ஜனவரி 7. தான்சானியாவில் டாங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காடு. ஓர் ஆண் சிம்பன்சி மரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்த எட்டு சிம்பன்சிகள் சத்தமில்லாமல் வந்து சூழ்ந்துகொண்டன. ஒன்று அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, மற்றவை அடித்தன, கடித்தன. சுமார் 10 நிமிடம் இது நடந்தது. படுகாயத்தோடு எழுந்து போன அந்த சிம்பன்சியை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

கோம்பேயில் 1960 முதல் சிம்பன்சிகளை ஆய்வு செய்துவந்தவர் ஜேன் குடால். ஒரே கூட்டமாக இருந்த சிம்பன்சிகள் 1970-களின் தொடக்கத்தில் கசகேலா, கஹாமா என இரண்டாகப் பிரிந்தன. அடுத்த 4 ஆண்டுகளில் கஹாமா கூட்டத்தின் ஆண்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்பட்டன அல்லது காணாமல் போயின. கொல்லப்பட்டவற்றில் ஒன்று கோலியாத் என்ற கிழட்டு ஆண். கூட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் அதுதான் தலைவன். அதைத் தாக்கியவை ஒரு காலத்தில் அதனோடு சேர்ந்து உண்டு, உறங்கி, பேன் பார்த்துக்கொண்டவை.

சிம்பன்சிகள் மனிதர்களைவிட நல்லவை என்று அதுவரை நம்பியிருந்த குடாலை இது உலுக்கிவிட்டது. போர் என்பது மனிதன் கண்டுபிடித்தது என்ற நம்பிக்கையும் அந்தக் காட்டில்தான் ஆட்டம் கண்டது.

வாழைப்பழம் கொடுத்ததால் வந்த சண்டையா?

இந்தக் கேள்வியும் எழுந்தது. கோம்பேயில் சிம்பன்சிகளை அருகில் வரவைக்க வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழத்துக்கான போட்டிதான் அவற்றைக் கெடுத்துவிட்டது, இயற்கையில் அவை இப்படி இல்லை என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

பல ஆண்டுகள் நீடித்த இந்த விவாதத்துக்கு 2014-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு முக்கியமான பதிலைத் தந்தது. ஆப்பிரிக்காவில் 18 சிம்பன்சி கூட்டங்களின் பல்லாண்டுப் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நேரில் பார்த்தவை, தடயத்தை வைத்து முடிவு செய்தவை, சந்தேகத்துக்குரியவை என மொத்தம் 152 கொலைகள். தாக்கியவற்றில் 92 சதவீதம் ஆண்கள். பெரும்பாலான கொலைகள் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைத் தாக்கியபோது நடந்தவை. மனிதர்களின் தலையீடு அதிகமுள்ள இடத்தில் கொலையும் அதிகம் என்ற தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் வந்த இன்னொரு கணக்கு கவனிக்கத்தக்கது. தாக்கவந்தவற்றுக்கும் தாக்கப்பட்டவற்றுக்கும் இடையிலான விகிதம் சராசரியாக 8-க்கு 1. அதாவது சிம்பன்சிகள் சம பலமுள்ள எதிரியோடு மோதுவது அரிது. தனியாக மாட்டிய ஒன்றைத்தான் கூட்டமாகச் சேர்ந்து அடிக்கின்றன. இந்த 8-க்கு 1 என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

தன் இனத்தையே கொல்வதால் என்ன லாபம்?

பரிணாமத்தின் பார்வையில் சண்டை என்பது செலவு பிடித்த வேலை. காயம் படலாம், காயம் சீழ் பிடிக்கலாம், உயிரே போகலாம். ஆகவே லாபம் அதிகமாகவும் ஆபத்து குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் வன்முறை நிலைக்க முடியும். இதை எந்த விலங்கும் உட்கார்ந்து யோசித்துச் செய்வதில்லை. அப்படி நடந்துகொண்ட விலங்குகள் அதிகக் குட்டிகளை விட்டுச்சென்றிருந்தால் அந்தக் குணம் தலைமுறை தாண்டி நிற்கும். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம்.

உகாண்டாவின் கிபாலே காட்டில் உள்ள நோகோ கூட்டம் இதற்கு உதாரணம். அந்தக் கூட்டத்தின் ஆண் சிம்பன்சிகள் சுமார் 10 ஆண்டுகளாக எல்லை தாண்டிப்போய் அண்டைக் கூட்டத்தவற்றைத் தாக்கிக் கொன்றுவந்தன. பிறகு அந்த நிலத்தையே பிடித்துக்கொண்டன. அவற்றின் எல்லை 22 சதவீதம் விரிந்தது என்று 2010-ல் வெளியான ஆய்வு சொன்னது. நிலம் கூடினால் பழ மரங்கள் கூடும். உணவு கூடினால் குட்டிகளும் கூடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் ரிச்சர்டு ராங்கம் இதைப் பலத்தின் ஏற்றத்தாழ்வு என்று விளக்குகிறார். பக்கத்துக் கூட்டத்தோடு பகை இருக்கிறது, தன் பக்கம் ஆள்பலமும் இருக்கிறது, எதிரி தனியாகச் சிக்குகிறது. தாக்குபவருக்கு அடிபடும் ஆபத்து ஏறக்குறைய இல்லை. அந்த நிலையில்தான் தாக்குதல் நடக்கிறது என்பது அவர் கருத்து.

அப்போ நாமும் சிம்பன்சி மாதிரிதானா?

அவசரப்பட வேண்டாம். நமக்கு இன்னொரு நெருங்கிய உறவும் உண்டு. அதுதான் போனபோ. சிம்பன்சியும் போனபோவும் நமக்கு ஒரே தூரத்துச் சொந்தம். இரண்டின் மரபணுவும் நம்முடையதோடு ஏறக்குறைய 99 சதவீதம் ஒத்துப்போகும். காங்கோ நதிக்குத் தெற்கே வாழும் போனபோக்களில் பெண்கள் கூட்டணி சேர்ந்து ஆண்களை அடக்கிவைக்கின்றன. இரண்டு கூட்டங்கள் சந்தித்தால் சேர்ந்து உணவு உண்பதும் உண்டு. 2014 ஆய்வில் 4 போனபோ கூட்டங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு கொலைதான்.

அதற்காகப் போனபோ சாதுவும் கிடையாது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோகோலோபோரியில் உள்ள போனபோக்களையும் கோம்பே சிம்பன்சிகளையும் ஒப்பிட்டு 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆண் போனபோக்கள் சின்னச் சின்னச் சண்டைகளில் சிம்பன்சிகளைவிட 2.8 மடங்கு அதிகமாக இறங்கின. ஆனால் அவை பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று நேருக்கு நேர் நடப்பவை. கூட்டம் சேர்ந்து கொல்லும் வழக்கம் அங்கே காணப்படவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. "ஆக்ரோஷம்" என்ற ஒற்றைக் குணம் ஏதோ ஒரு டப்பாவில் கூடக்குறைய ஊற்றிவைத்தது போல இல்லை. அதில் வகைகள் உண்டு. அந்த வகைகளைப் புரிந்துகொண்டால்தான் மனிதன் புரிவான்.

கோபத்தில் இரண்டு வகை

ஒன்று, அந்த நொடியில் வெடிக்கும் கோபம். யாரோ இடித்துவிட்டார்கள், யாரோ திட்டிவிட்டார்கள், உடனே கை ஓங்குகிறது. இன்னொன்று, குளிர்ந்த மனதோடு திட்டம் போட்டுச் செய்யும் வன்முறை. ஆள் சேர்ப்பது, நேரம் பார்ப்பது, தனியாக மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் சேரும்.

2019-ல் வெளியான 'தி குட்னெஸ் பாரடாக்ஸ்' புத்தகத்தில் ராங்கம் சொல்வது இதுதான்: முதல் வகையில் மனிதன் மிகவும் சாது, இரண்டாவது வகையில் மிகவும் ஆபத்தானவன்.

நாமா சாது? நம்ப முடியவில்லையா? மானுடவியலாளர் சாரா ஹெர்டி சொன்ன ஒரு கற்பனையைப் பாருங்கள். ஒரு விமானத்தில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடித்துக்கொண்டு, குழந்தை அழுவதைச் சகித்துக்கொண்டு பயணம் செய்து இறங்கிவிடுகிறார்கள். அதே விமானத்தில் அத்தனை சிம்பன்சிகளை ஏற்றியிருந்தால்? தரையிறங்கும்போது விரலும் காதும் முழுசாக இருந்தாலே பெரிய விஷயம். பீக் ஹவர் மின்சார ரயிலில் தினமும் போய் வருபவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகவே புரியும்.

மனிதன் இப்படி மாறியது எப்படி? ராங்கம் தரும் விளக்கம் கொஞ்சம் அதிர்ச்சியானது. மொழி வந்த பிறகு, முரட்டுத்தனமாக எல்லோரையும் அடித்து ஆண்டவனை மற்றவர்கள் ரகசியமாகக் கூடிப்பேசித் தீர்த்துக்கட்ட முடிந்தது. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இது நடந்ததால் எடுத்ததற்கெல்லாம் வெடிப்பவர்களின் வழித்தோன்றல்கள் குறைந்தார்கள். அதே நேரம், சேர்ந்து திட்டமிட்டுக் கொல்லும் திறன் வளர்ந்தது. மனிதன் தன்னைத்தானே பழக்கிக்கொண்ட வீட்டு விலங்கு என்பது இதன் சுருக்கம்.

இதற்கு ஆதரவாகக் காட்டப்படுவது ரஷ்ய நரிகள். 1959-ல் சோவியத் யூனியனின் நோவோசிபிர்ஸ்கில் டிமிட்ரி பெல்யாயேவ் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதரைக் கண்டால் சீறாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யவைத்தார். சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. ஆக்ரோஷம் என்பது தேர்வு மூலம் வேகமாகக் குறையக்கூடிய குணம் என்பதை அது காட்டியது. ஆனால் மனிதனைப் பற்றிய ராங்கமின் கருத்து இன்னும் விவாதத்தில் உள்ள ஒன்றுதான், எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு கிடையாது.

சட்டமும் இந்த இரண்டு வகையைப் பிரித்தே பார்க்கிறது. திடீர்த் தூண்டுதலால் தன்னிலை இழந்து செய்த கொலையை இந்தியச் சட்டம் தனியாக வைக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-வது பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது. 1961-ல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. விஷயம் தெரிந்ததற்கும் துப்பாக்கியால் சுட்டதற்கும் இடையே மனம் ஆறப் போதுமான நேரம் இருந்தது என்பதே காரணம்.

ஏன் பெரும்பாலும் ஆண்கள்?

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017-ல் உலகம் முழுக்கக் கொலையானவர்கள் சுமார் 4 லட்சத்து 64 ஆயிரம் பேர். கொலை செய்தவர்களில் சுமார் 90 சதவீதம் ஆண்கள். கொல்லப்பட்டவர்களிலும் சுமார் 80 சதவீதம் ஆண்கள்.

பரிணாமம் தரும் விளக்கம் இது. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் பெண். அதனால் பெண் பெறக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. ஆணுக்கு அந்த எல்லை மிகப் பெரியது. ஆகவே ஆண்களில் சிலருக்குப் பல வாரிசுகள், பலருக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலை வரலாம். எங்கே தோற்றவனுக்கு எதுவும் மிஞ்சாதோ, அங்கே போட்டி கடுமையாகும். ஆபத்தான காரியத்தில் இறங்கும் துணிச்சலும் கூடும்.

கனடா உளவியலாளர்கள் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் 1980-களில் கொலை வழக்குப் பதிவுகளை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்களுக்குள் நடந்த கொலைகள் பலவற்றுக்கும் காரணம் அற்பமாகத் தெரிந்தது. ஒரு கிண்டல், ஒரு முறைப்பு, ஒரு சின்னத் தள்ளு. அந்த வார்த்தைக்கா கொலை? வார்த்தைக்காக இல்லை, நாலு பேர் முன்னால் மானம் போகிறது என்பதற்காக என்றார்கள் இருவரும். கோர்ட்டும் போலீசும் இல்லாத காலத்தில் "இவனைத் தொட்டால் சும்மா விடமாட்டான்" என்ற பெயர்தான் ஓர் ஆணுக்குப் பாதுகாப்பு. அந்தப் பெயரைக் காப்பாற்றும் துடிப்பு இன்றும் மிச்சமிருக்கிறது.

இனி அவர்களுடைய இன்னொரு ஒப்பீடு. அமெரிக்காவின் சிகாகோ நகரிலும், இங்கிலாந்து-வேல்ஸிலும் கொலை செய்தவர்களின் வயதையும் பாலினத்தையும் வரைபடமாகப் போட்டார்கள். இரண்டு படமும் அச்சு அசல் ஒரே வடிவம். ஆண்களின் கோடு பதின்ம வயதில் விறுவிறுவென ஏறி, இருபதுகளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. பெண்களின் கோடு அடிமட்டத்திலேயே கிடக்கிறது.

ஆனால் அளவு? சிகாகோவின் கொலை விகிதம் இங்கிலாந்தைவிட சுமார் 30 மடங்கு அதிகம்! இரண்டு இடத்திலும் ஒரே மனித இனம், அதே இளவயது ஆண்கள், அதே ஹார்மோன். கோட்டின் வடிவத்துக்குப் பரிணாமம் காரணம் சொல்லலாம். 30 மடங்கு வித்தியாசத்துக்கு அதனால் காரணம் சொல்ல முடியாது. துப்பாக்கி எளிதில் கிடைப்பதா, வறுமையா, ஏற்றத்தாழ்வா, போலீஸ் மீதான நம்பிக்கையா என்று சமூகத்தில்தான் அதைத் தேட வேண்டும்.

எலும்புகள் என்ன சொல்கின்றன?

கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் உள்ள நடாருக் என்ற இடத்தில் சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய 27 பேரின் எலும்புகள் கிடைத்தன. உடைந்த மண்டை ஓடுகள், எலும்பில் தைத்த கல் ஆயுத முனை என வேட்டையாடி வாழ்ந்த ஒரு குழு படுகொலை செய்யப்பட்டதற்கான தடயங்கள் இருப்பதாக 2016-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சூடானின் ஜெபல் சஹாபா இடுகாட்டில் 13 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய எலும்புகளைப் புதிய கருவிகளால் மறுபடி ஆராய்ந்தபோது, ஒரே நாள் போர் என்பதைவிடப் பல ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்த மோதல்களின் காயங்கள் என்ற முடிவு 2021-ல் வந்தது.

வன்முறை பழசு என்பதற்கு இவை சாட்சி. ஆனால் எங்கும் எப்போதும் போர்தான் நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. நாடோடிகளாக வேட்டையாடி வாழும் 21 சமூகங்களின் பதிவுகளை டக்ளஸ் ஃப்ரை குழு 2013-ல் ஆராய்ந்தது. உயிர்ப்பலி நடந்த 148 சம்பவங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தனி ஆள் செய்த கொலைகள். குழுவாகச் சேர்ந்து நடத்திய போர் என்று சொல்லக்கூடியவை குறைவு.

அப்போ ஜீன், ஹார்மோன் எல்லாம் பொய்யா?

பொய் இல்லை, ஆனால் மிகைப்படுத்தல். எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவுக்கு ஊடகங்கள் 'போர்வீரர் மரபணு' என்று பெயர் வைத்தன. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்களைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வு, இந்த மரபணுவின் செயல்பாடு குறைந்தவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் வன்முறைப் போக்கு அதிகம் தெரிந்தது என்றது. அன்பாக வளர்ந்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. டெஸ்டோஸ்டிரோனும் அப்படித்தான். போட்டி வரும்போது அது கூடுகிறது, போட்டி முடிந்தால் இறங்குகிறது. சூழலைப் பார்த்து உடல் ஏற்றி இறக்கும் ஹார்மோன் அது.

"ஆத்திரத்தை வெளியே கொட்டிட்டா ஆறிடும்" என்பதும் தவறான நம்பிக்கைதான். நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் 1963-ல் எழுதிய புத்தகத்தில், ஆக்ரோஷம் உள்ளே சேர்ந்துகொண்டே போய் வெளியேற வழி தேடும் என்றார். கிட்டத்தட்ட குக்கர் விசில் கணக்கு. அந்தக் கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 2002-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

மாற்ற முடியுமா?

கென்யாவின் மசாய் மாரா பகுதியில் ராபர்ட் சபோல்ஸ்கி ஆய்வு செய்த பபூன் குரங்குக் கூட்டம் இதற்கு நல்ல பதில். 1980-களில் சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பையில் கிடந்த காசநோய்க் கிருமியுள்ள இறைச்சியைத் தின்று, அதற்காகச் சண்டை போடப் போன முரட்டு ஆண்கள் இறந்துபோயின. மிஞ்சியவை சாதுவான ஆண்களும் பெண்களும்தான். கூட்டமே அமைதியானது. ஆச்சரியம் அதன்பிறகுதான். ஆண்டுகள் கடந்து, வெளியிலிருந்து புது ஆண்கள் வந்து சேர்ந்த பிறகும் அந்த அமைதி நீடித்தது. வந்தவை அந்தக் கூட்டத்தின் பழக்கத்துக்கு மாறிக்கொண்டன. மரபணு எதுவும் மாறவில்லை.

மனிதர்களிடமும் இது நடந்திருக்கிறது. மத்திய கால இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 20 கொலைகள் என்ற அளவில் இருந்ததாக வரலாற்றுக் குற்றவியலாளர் மானுவேல் ஐஸ்னரின் மதிப்பீடு காட்டுகிறது. இன்று அது சுமார் 1. சில நூற்றாண்டுகளில் இவ்வளவு பெரிய பரிணாம மாற்றம் நடந்திருக்க வாய்ப்பில்லை. சட்டமும் கோர்ட்டும் பழக்கவழக்கமும்தான் மாறின.

1986-ல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிவியலாளர்கள், போரும் வன்முறையும் உயிரியல் விதி என்று சொல்வது அறிவியல்படி தவறு என அறிக்கை வெளியிட்டார்கள். 1989-ல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. ஒரு குணம் எப்படி வந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு. காய்ச்சலும் இயற்கைதான், அதற்காக யாரும் மாத்திரை போடாமல் இருப்பதில்லை.

இதெல்லாம் நமக்கு ஏன் முக்கியம்?

மேலே சொன்ன 8-க்கு 1 கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். வன்முறை ஆள் பார்த்து, இடம் பார்த்து, திருப்பி அடிவிழுமா என்று பார்த்து வருகிறது. ஆபீசில் மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டும்போது எவ்வளவு கோபம் வந்தாலும் கை நீளுவதில்லை. அதே ஆளின் கை வீட்டுக்கு வந்ததும் மனைவி மீதோ குழந்தை மீதோ நீளுகிறது என்றால், அவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? பகல் முழுக்க இருந்த கட்டுப்பாடு கதவைச் சாத்தியதும் போய்விடுகிறது. ஏனென்றால் அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. அதே ஐ.நா. அறிக்கையில், துணையால் கொல்லப்பட்டவர்களில் 82 சதவீதம் பெண்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

ஆகவே வன்முறையைத் தடுக்கும் வழியும் இதிலேயே தெரிகிறது. அடிப்பவருக்கு ஆபத்து இல்லை என்ற நிலையை மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது, அம்மா வீட்டிலிருந்து ஒரு போன் வருவது, போலீஸ் புகாரை வாங்கி வைத்துக்கொள்ளாமல் விசாரிப்பது எல்லாமே அந்தக் கணக்கை மாற்றும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அடுத்தமுறை யாராவது "மனுஷ இயல்புங்க அது" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இயல்பு மேனேஜர்கிட்ட மட்டும் ஏன் வரல?